முழு மயக்கத்தில் டியூப் போடும் கருவிகள்: எது, எப்போது, ஏன்

நீங்கள் கேட்டிருப்பது இது: அம்மாவுக்குப் பித்தப்பையை எடுக்கும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை, முழு மயக்கம் கொடுக்கப் போகிறார்கள். முன்பரிசோதனையில் மயக்க மருத்துவர் அம்மாவை வாயைத் திறக்கச் சொல்லி, கழுத்தை அண்ணாந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "டியூப் போடுவது கொஞ்சம் சிரமமாக இருக்கலாம், வேறு கருவிகளையும் தயாராக வைத்துக்கொள்வோம்" என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கருவிகள் என்னென்ன, கேமரா வைத்த வீடியோ லாரிங்கோஸ்கோப்தான் (வாய்க்குள் விட்டுக் குரல்வளையைப் பார்க்கும் கருவி) நல்லது என்று படித்தேனே, பிறகு ஏன் எல்லாருக்கும் அதையே பயன்படுத்துவதில்லை என்று கேட்கிறீர்கள்.

நானும் மயக்க மருத்துவர்தான். தினமும் செய்கிற வேலை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முதலில் ஒன்று: அவர் அப்படிச் சொன்னதைக் கேட்டு நீங்கள் கலங்க வேண்டியதில்லை, நிம்மதிதான் அடைய வேண்டும். சிரமம் வரலாம் என்று முதல் நாளே யோசித்து வைக்கிறவரிடம் பயமில்லை. எல்லாம் சுலபமாக முடிந்துவிடும் என்று நம்பி மருந்தைச் செலுத்திவிட்டு அப்புறம் முழிக்கிறவரிடம்தான் ஆபத்து இருக்கிறது.

டியூப் எதற்கு என்பதிலிருந்து தொடங்குகிறேன். முழு மயக்கத்தில் நினைவு போவதோடு நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து பின்பக்கம் சரிந்து காற்று போகும் வழியை அடைத்துக்கொள்ளும். தசை தளர்த்தும் மருந்தும் சேர்ந்தால் மூச்சு முழுதாகவே நின்றுவிடும். இருமலும் இருக்காது, அதனால் வயிற்றிலிருந்து ஏதாவது மேலே வந்தால் அது நேராக நுரையீரலுக்குள் இறங்கலாம். லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை நிரப்புவார்கள், அது உதரவிதானத்தை மேலே தள்ளும், அந்த அழுத்தத்தையும் மீறி நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்த வேண்டும். அதனால்தான் மூச்சுக்குழாய்க்குள்ளேயே ஒரு டியூபை வைத்து, அதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடைத்து, வென்டிலேட்டரோடு இணைக்கிறோம்.

இந்த வேலைக்குக் கையில் இருக்கும் நேரம் மிகக் கொஞ்சம். ஓய்வாக இருக்கும் ஒரு பெரியவரின் உடல் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறது. மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று மிச்சம் இருக்கும், ஆனால் சாதாரணக் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம்தான் என்பதால் அதில் சுமார் அரை லிட்டர்தான் தேறும். மூச்சு நின்ற ஒன்றிரண்டு நிமிடத்தில் அது தீர்ந்துவிடும். அதே நுரையீரலை முன்கூட்டியே சுத்தமான ஆக்ஸிஜனால் நிரப்பிவிட்டால், ஆரோக்கியமான ஒருவருக்கு எட்டு நிமிடம் வரைகூடத் தாக்குப்பிடிக்கும். உடல் பருமன் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதில் பாதிகூடக் கிடைக்காது. ஆகவே தியேட்டரில் அம்மாவின் முகத்தில் மாஸ்க்கை இறுக்கமாக வைத்து மூன்று நிமிடம் நன்றாக மூச்சு விடச் சொல்வார்கள், மூச்சு முட்டுவதுபோல் இருக்கிறது என்று அவர் அதை விலக்காமல் இருந்தால் போதும், அந்த மூன்று நிமிடத்தை விட மலிவான பாதுகாப்பு இந்தத் தொழிலில் எதுவும் கிடையாது. இதை அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

அந்த மாஸ்க்கையே முதல் கருவி என்று சொல்வேன். டியூப் உள்ளே போகும்வரை நோயாளியை உயிரோடு வைத்திருப்பது மாஸ்க்கும், அதன் வழியே காற்றை அழுத்திச் செலுத்தும் பேக்கும், தாடையைத் தூக்கிப் பிடிக்கும் விரல்களும்தான். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கை முகத்தோடு அழுத்தும், மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பைப் பிடித்து மேலே தூக்கும், கழுத்தின் மெல்லிய சதையில் விரல் பட்டு அழுத்தக் கூடாது. நாக்கு வழிவிடவில்லை என்றால் வாய்க்குள் கெடெல் ஏர்வே என்ற வளைந்த பிளாஸ்டிக் துண்டை வைக்கிறோம். ஆர்தர் கெடெல் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர் 1933இல் அறிமுகப்படுத்தியது, இன்றும் கிட்டத்தட்ட அதே வடிவம்தான். ஒரு கை போதவில்லை என்றால் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு பேக்கை அழுத்த இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லாரும் லாரிங்கோஸ்கோப்பைக் கையில் எடுக்கத் துடிக்கிறார்கள், நான் முதல் சில வாரம் அவர்களை மாஸ்க்கோடுதான் விடுவேன்.

சரி, டியூப். மெல்லிய பி.வி.சி. குழாய், உள்விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்வோம். பெண்களுக்குப் பொதுவாக 7 அல்லது 7.5, ஆண்களுக்கு 7.5 அல்லது 8. உதட்டோரமோ முன்பல்லோ எத்தனையாவது சென்டிமீட்டர் குறியில் நிற்கிறது என்று பார்ப்போம், பெண்களுக்கு 21, ஆண்களுக்கு 23 என்பது தோராயக் கணக்கு. அதற்கு மேல் இறங்கினால் வலது நுரையீரலுக்குள் மட்டும் போய் நிற்கும், ஏனென்றால் வலது கிளைதான் நேராக இறங்குகிறது. நுனியில் சாய்வாக வெட்டிய வாய், அது எங்காவது அடைத்துக்கொண்டால் காற்று போக பக்கவாட்டில் மர்ஃபி கண் என்ற இன்னொரு துளை. நுனிக்குச் சற்று மேலே கஃப் என்ற சின்ன பலூன்.

அந்த பலூனுக்கு ஒரு கதை உண்டு. கெடெலும் ரால்ஃப் வாட்டர்ஸும் 1928இல் கஃப் வைத்த டியூபைப் பற்றி எழுதினார்கள். அது எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறது என்று காட்ட கெடெல் தன் நாய்க்கு மயக்கம் கொடுத்து, டியூப் போட்டு, கஃப்பை ஊதி, நாயைத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே மூழ்க வைத்தார். டியூபின் மறுமுனை வெளியே மயக்க மருந்துக் கருவியோடு இணைந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் நுரையீரலுக்குள் போகவில்லை, நாய் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு போனது. நாயின் பெயரும் ஏர்வேதான், அதாவது மூச்சுவழி. இன்றைக்கு அப்படிச் செய்ய யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், செய்யவும் கூடாது. ஆனால் நம் நோயாளிகளின் நுரையீரலுக்குள் எச்சிலும் இரத்தமும் இறங்காமல் தடுப்பது அதே பலூன்தான். அதன் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்குள் இருக்க வேண்டும். அதிகமானால் மூச்சுக்குழாயின் உள்சவ்வுக்கு இரத்த ஓட்டம் தடைபடும், குறைந்தால் ஓரமாகக் கசியும். வெளியே தொங்கும் சின்ன பலூனை விரலால் அழுத்திப் பார்த்தே "சரியாக இருக்கிறது" என்று சொல்லும் பழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு, விரல் அந்த வேலைக்கு உதவாது, அளவி வைத்துப் பார்க்க வேண்டும். அறுவைக்கு மறுநாள் தொண்டை எரிகிறது என்று சொல்பவர்களில் ஒரு பங்கு இந்த அலட்சியத்தால் வருவது.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன், டியூபை உள்ளே கொண்டுபோவது எப்படி. கிளாஸ்கோவில் வில்லியம் மக்கீவன் என்ற அறுவை மருத்துவர் 1878இல், வாய்க்குள் கட்டி இருந்த ஒருவருக்கு, விழித்திருக்கும்போதே விரலால் தடவி குரல்வளையைக் கண்டுபிடித்து டியூபை இறக்கி, அதன் வழியே குளோரோஃபார்ம் கொடுத்தார். கண்ணால் பார்க்க வழியில்லாத காலம். நேராகப் பார்க்கும் கருவியான லாரிங்கோஸ்கோப் அதற்குப் பிறகுதான் வந்தது, ஆனால் இன்று உலகம் முழுக்கக் கையில் இருப்பது இரண்டு வடிவம்: ராபர்ட் மில்லரின் நேரான பிளேடு (நாக்கை ஒதுக்க வாய்க்குள் விடும் தகடு) 1941இல், ராபர்ட் மக்கின்டாஷின் வளைந்த பிளேடு 1943இல். டான்சில் அறுவைக்காக வாயை அகலத் திறந்து வைக்கும் கருவியை ஒருமுறை உள்ளே வைத்தபோது எதிர்பாராமல் குரல்நாண்கள் அப்படியே கண்ணில் பட்டதாம், மக்கின்டாஷுக்கு யோசனை அங்கிருந்துதான் வந்தது. குழந்தைகளின் குரல்வளை மூடி நீளமாகவும் தொளதொளவென்றும் இருக்கும், அதை நேரடியாகத் தூக்கிப் பிடிக்க மில்லர் பிளேடு நல்லது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மக்கின்டாஷ்.

அதை எப்படிச் செய்கிறோம் என்று கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். தலையணையால் தலையைச் சற்று உயர்த்தி முகத்தை லேசாக அண்ணாந்தவாறு வைப்போம், பருமனானவர்களுக்கு முதுகிலிருந்தே மேடாக்கி காது மட்டமும் மார்பெலும்பின் மேல் குழியும் ஒரே கோட்டில் வரும்படி. இடது கையில் லாரிங்கோஸ்கோப். வாயின் வலது ஓரமாக உள்ளே விட்டு, நாக்கை இடப்பக்கம் ஒதுக்கிக்கொண்டே நடுவுக்கு வந்து, மெல்ல முன்னேறினால் இலை நுனி போன்ற குரல்வளை மூடி தெரியும். அதற்கும் நாக்கின் அடிக்கும் நடுவில் உள்ள குழியில் பிளேடின் நுனியைப் பொருத்தி, கைப்பிடி நீட்டும் திசையிலேயே, அதாவது முன்னும் மேலுமாகத் தூக்க வேண்டும். மணிக்கட்டை மடக்கி நெம்பினால் மேல் முன்பல் உடையும். சரியாகத் தூக்கினால் மூடி தானாக எழும்பும், அதன் அடியில் முக்கோண வடிவ இருட்டு, இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று குரல்நாண்கள். கண்ணை அங்கிருந்து எடுக்காமல் வலது கையை நீட்டினால் உதவியாளர் டியூபைக் கையில் வைப்பார். கஃப் குரல்நாண்களைத் தாண்டி மறைவதைக் கண்ணால் பார்த்த பிறகே நிறுத்துவோம். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் அரை நிமிட வேலைதான்.

குரல்நாண்கள் இப்படி முழுதாகத் தெரிந்தால் முதல் கிரேடு. பின்பகுதி மட்டும் தெரிந்தால் இரண்டு, குரல்வளை மூடி மட்டும் தெரிந்தால் மூன்று, அதுவும் தெரியாவிட்டால் நான்கு. கார்மக்கும் லெஹேனும் 1984இல் சொன்ன வகைப்பாடு இது, நாங்கள் இன்றும் குறிப்பேட்டில் இதைத்தான் எழுதுகிறோம்.

மூன்றாம் கிரேடில்தான் எனக்கு மிகவும் பிடித்த கருவி வருகிறது, பூஜி. அறுபது சென்டிமீட்டர் நீளம், நுனி மட்டும் லேசாக மேல்நோக்கி மடங்கிய, வளையக்கூடிய ஒரு குச்சி, அவ்வளவுதான். குரல்நாண்கள் தெரியாவிட்டாலும் குரல்வளை மூடியின் அடியோடு ஒட்டி அதை நடுக்கோட்டில் வழுக்கவிட்டால், மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்களில் நுனி உரசி, டக் டக்கென்று விரலுக்குத் தெரியும். இன்னும் இறக்கினால் ஒரு கட்டத்தில் சிறு கிளையில் முட்டி நிற்கும். உணவுக்குழாயில் போயிருந்தால் வளையமும் தட்டாது, முட்டவும் செய்யாது, முழுதும் வழுக்கிக்கொண்டு போய்விடும். முட்ட வேண்டும் என்பதற்காக அழுத்தித் தள்ளக் கூடாது, காயம் ஆகும். பிறகு டியூபை அதன் மேல் கோத்து உள்ளே இறக்க வேண்டும், இறக்கும்போதும் லாரிங்கோஸ்கோப் வாயிலேயே இருக்கட்டும். டியூப் குரல்வளையில் தட்டி நின்றால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் சுற்று திருப்பினால் பெரும்பாலும் இறங்கிவிடும். மின்சாரம் வேண்டாம், திரை வேண்டாம், எந்த மேஜையிலும் இருக்கலாம். இது இல்லாத தியேட்டரில் நான் மயக்கம் கொடுக்க மாட்டேன்.

அப்புறம் வீடியோ லாரிங்கோஸ்கோப். பழைய முறையில் வாயிலிருந்து குரல்வளை வரை நேர்க்கோட்டில் பார்வை போக வேண்டும், ஆனால் மனிதத் தொண்டை நேராக இல்லை, அதனால்தான் இவ்வளவு தூக்கலும் ஒதுக்கலும். பிளேடின் நுனிக்குப் பக்கத்திலேயே கேமராவை வைத்துவிட்டால் வளைவின் மறுபக்கத்தைத் திரையில் பார்த்துவிடலாம். ஜான் பேசி என்ற அறுவை மருத்துவர் உருவாக்கிய கிளைட்ஸ்கோப் 2001இல் வந்த பிறகு இது பரவியது. கருவிகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று மக்கின்டாஷ் வடிவத்திலேயே கேமரா வைத்தது, நேராகவும் பார்க்கலாம், திரையிலும் பார்க்கலாம். இன்னொன்று அதிக வளைவுள்ள பிளேடு, திரையில் மட்டும்தான் பார்க்க முடியும், வாய் சரியாகத் திறக்காதவர், கழுத்தை அசைக்க முடியாதவர் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நானே அதில் விழுந்திருக்கிறேன். வளைவு பிளேடு என் கைக்குப் புதிதாக இருந்த நாட்களில் ஒரு நோயாளிக்குத் திரையில் குரல்நாண்கள் பாடப்புத்தகப் படம்போலத் தெரிந்தன, ஆனால் டியூப் மட்டும் போகவே இல்லை. மேலே தட்டுகிறது, பின்னால் சரிகிறது, படம் கண் முன்னால் தெளிவாக இருப்பதால் கையை எடுக்கவும் மனம் வரவில்லை. ஆக்ஸிஜன் அளவு இறங்கத் தொடங்கியதைச் சத்தத்திலேயே கேட்டேன், பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் ஒலி தடித்துக்கொண்டே போகும். பக்கத்தில் இருந்த மூத்த செவிலியர் "டாக்டர், மாஸ்க்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். எடுத்துவிட்டு மாஸ்க்கில் ஆக்ஸிஜன் கொடுத்து அளவு ஏறிய பிறகு, டியூபுக்குள் பிளேடின் வளைவுக்கேற்ப வளைத்த ஸ்டைலட் என்ற கெட்டியான கம்பியை வைத்து, பிளேடைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் படத்தைச் சற்றே மோசமாக்கிக்கொண்டு முயன்றேன், உடனே போனது. குரல்வளை திரையை முழுதாக நிறைத்தால் டியூபுக்கு வளைந்து வர இடம் இருக்காது, அது திரையின் மேல்பாதியில் கொஞ்சம் தள்ளித் தெரிவதுதான் நல்லது. அன்று கற்றதை இன்றும் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். பார்ப்பது ஒரு வேலை, டியூபைக் கொண்டுபோவது இன்னொரு வேலை. இன்னொன்று: டியூப் வாய்க்குள் நுழையும்போது கண் வாயில் இருக்க வேண்டும், கேமராவின் எல்லைக்குள் வந்த பிறகுதான் திரைக்குப் போக வேண்டும். முழு நேரமும் திரையையே பார்த்திருந்தால் நடுவில் உள்ள மறைவான இடத்தில் மென்அண்ணத்தை டியூப் குத்திக் கிழித்துவிடும்.

அப்படியானால் எல்லாருக்கும் வீடியோவா? என் பதில், கிடைத்தால் முதல் முயற்சிக்கே அதை எடுங்கள் என்பதுதான். 2022இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும், பெரியவர்களுக்கு வீடியோ முறையில் டியூப் போட முடியாமல் போவது குறைகிறது என்றுதான் சொல்கிறது. அதை விட எனக்கு முக்கியமாகப் படுவது, நான் பார்ப்பதை என் உதவியாளரும் பார்க்கிறார் என்பது. கழுத்தை வெளியிலிருந்து எந்தப் பக்கம் அழுத்தினால் பார்வை தெளிகிறது என்று அவருக்கே தெரியும், பயிற்சி மருத்துவர் செய்யும்போது என்ன தவறு என்று எனக்கும் தெரியும். ஆனால் இரத்தமோ வாந்தியோ லென்ஸை மூடினால், பனி படர்ந்தால், பேட்டரி போனால், அந்த நிமிடத்தில் மக்கின்டாஷும் பூஜியும் தெரிந்த கை வேண்டும். எல்லா ஊரிலும் எல்லா மேஜையிலும் வீடியோ கருவி இல்லை என்பதும் உண்மைதான், அதற்குக் காரணம் விலை, மருத்துவம் அல்ல.

டியூப் போகாவிட்டால் என்ன? இங்கேதான் குரல்வளை மாஸ்க், அதாவது எல்.எம்.ஏ. வருகிறது. ஆர்ச்சி பிரெயின் என்ற பிரிட்டிஷ் மயக்க மருத்துவர் 1981இல், இறந்தவர்களின் தொண்டையில் பிளாஸ்டர் அச்சு எடுத்து, குரல்வளையின் வாயில் கவிழ்த்து வைப்பதுபோல ஒரு சின்ன மாஸ்க்கை வடிவமைத்தார், 1988இல் விற்பனைக்கு வந்தது. லாரிங்கோஸ்கோப் தேவையில்லை, கையால் அண்ணத்தை ஒட்டி வழுக்கவிட்டால் தன் இடத்தில் போய் உட்காரும். சின்ன அறுவைகளுக்கு இதுவே போதும், டியூபே வேண்டாம். இரண்டாம் தலைமுறைக் கருவிகளில், புரோசீல், ஐ-ஜெல் போன்றவற்றில், வயிற்றில் உள்ளதை வெளியேற்றத் தனி வழி உண்டு, அழுத்தமும் கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் டியூபின் கஃப் தரும் பாதுகாப்பு இதில் கிடையாது, அதனால் வயிறு நிறைந்தவர்களுக்கு இதை விரும்பித் தேர்ந்தெடுக்க மாட்டோம். ஆபத்தில் இது உயிர் காக்கும், அதன் வழியே மெல்லிய ஸ்கோப்பை விட்டு டியூபையும் இறக்கலாம்.

வளையும் ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப், அதாவது உள்ளே விட்டுப் பார்க்கும் மெல்லிய குழல், இன்னொரு உலகம். பீட்டர் மர்ஃபி 1967இல் பித்தநாளத்தைப் பார்க்கும் ஸ்கோப்பை மூக்கு வழியே விட்டு டியூப் போட்டதுதான் தொடக்கம். வாயே திறக்காதவர், கழுத்து இறுகிப்போனவர், தொண்டையில் கட்டி உள்ளவர் போன்றோரிடம் மயக்கம் கொடுத்துவிட்டு முயற்சி செய்வது சூதாட்டம். அவர்களை உட்கார வைத்து, மூக்கும் தொண்டையும் மரத்துப்போகும் வரை லிக்னோகெயின் தெளித்து, மூக்கில் ஆக்ஸிஜனைப் பாயவிட்டபடி, அவர்களே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்கோப்பை இறக்கி, மூச்சுக்குழாயின் வளையங்களைப் பார்த்த பிறகு டியூபை அதன் மேல் வழுக்கிவிடுகிறோம், மயக்க மருந்து அதற்குப் பிறகுதான். விழித்திருக்கும்போதா என்று கேட்டதும் பயந்துவிடுவார்கள், ஆனால் நன்றாக மரத்துப்போயிருந்தால், லேசாக அமைதிப்படுத்தும் மருந்தும் இருந்தால், பெரும்பாலானோர் இருமலோடு சமாளித்துவிடுகிறார்கள். அதற்கு வேண்டியது பொறுமை, தெளித்த மருந்து வேலை செய்யும் வரை காத்திருக்கும் பொறுமை. இப்போது வீடியோ லாரிங்கோஸ்கோப்பை வைத்தும் விழித்திருக்கும்போதே டியூப் போடுகிறோம்.

சிறப்பு டியூப்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கழுத்தை மடக்கிச் செய்யும் அறுவைகளுக்கு உள்ளே கம்பிச் சுருள் வைத்த டியூப், அது மடங்காது, ஆனால் நோயாளி கடித்துவிட்டால் நசுங்கியது நசுங்கியதுதான், திரும்ப விரியாது. முகம், வாய் அறுவைகளுக்கு முன்பே வளைத்த ரே டியூப். குரல்வளை அறுவைக்கு நீளம் பெரியவர்களுடையது, விட்டம் மட்டும் 5 மில்லிமீட்டர். ஒரு நுரையீரலை மட்டும் இயக்க இரட்டைக் குழல் டியூப், அதில் பெரும்பாலும் இடப்பக்க டியூபைத்தான் எடுப்போம், வலது மேல் மடலுக்குப் போகும் கிளை மிக மேலேயே பிரிவதால் வலப்பக்க டியூப் அதை எளிதில் அடைத்துவிடும். உங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் தேவைப்படாது.

எந்தக் கருவியால் போட்டாலும் டியூப் மூச்சுக்குழாயில்தான் இருக்கிறது என்பதற்கு ஒரே நம்பகமான சாட்சி கேப்னோகிராஃப். வெளிவரும் மூச்சில் கார்பன் டை ஆக்ஸைடு இருக்கிறதா என்று அது அளக்கும், ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் சதுரமாக ஒரு மேடு எழும்பி இறங்கும், அது தொடர்ந்து வர வேண்டும். டியூபில் பனி படர்கிறது, மார்பு ஏறி இறங்குகிறது, ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கிறது என்பதெல்லாம் உணவுக்குழாயில் இருந்தாலும் ஏமாற்றக்கூடியவை. கோடு தட்டையாக இருந்தால் கருவியைச் சந்தேகிக்கும் முன் டியூபைச் சந்தேகிக்க வேண்டும். பிரிட்டனில் 2011இல் வெளியான தேசிய மூச்சுவழித் தணிக்கையிலும் இந்தக் கருவி இல்லாததாலோ, இருந்தும் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததாலோ போன உயிர்கள் பேசப்பட்டிருக்கின்றன.

இனி நான் சொல்ல வந்ததில் முக்கியமான இடம். 2005இல் இங்கிலாந்தில், சைனஸ் அறுவைக்கு வந்த, இரண்டு சிறு குழந்தைகளின் தாய் ஒருவருக்கு மயக்கம் கொடுத்த பிறகு எல்.எம்.ஏ. உட்காரவில்லை, மாஸ்க்கிலும் சரியாகக் காற்று போகவில்லை, டியூப் போட முயன்றார்கள், மறுபடி முயன்றார்கள், அனுபவம் மிக்க மூன்று மருத்துவர்கள் சேர்ந்து இருபது நிமிடத்துக்கும் மேலாக முயன்றுகொண்டே இருந்தார்கள். ஒரு செவிலியர் கழுத்தில் துளையிடும் கருவித் தொகுப்பைக் கொண்டுவந்து, தயார் என்று சொல்லியும் விட்டார். யாரும் அதை எடுக்கவில்லை. அந்தத் தாய் நினைவு திரும்பாமலே 13 நாளில் இறந்தார். அவருடைய கணவர் ஒரு விமானி. விமானத் துறையில் இப்படிப்பட்ட தவறுகளை எப்படி ஆராய்கிறார்களோ அப்படி இதையும் ஆராய வேண்டும் என்று அவர் கேட்டதால்தான் எங்கள் தொழிலில் இந்தப் பேச்சே மாறியது. அங்கே கருவிக்கும் குறையில்லை, திறமைக்கும் குறையில்லை. கையில் இருக்கும் கருவியை எப்போது கீழே வைப்பது என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை, அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் எனக்கும் தோன்றியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் அதை முன்கூட்டியே எழுதி வைக்கிறோம்.

பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி (சிரமமான மூச்சுவழிகளுக்கான மருத்துவர் சங்கம்) 2015இல் கொடுத்த வழிமுறை அப்படித்தான் அமைந்தது. லாரிங்கோஸ்கோப்பால் மூன்று முயற்சி, அதற்கு மேல் இன்னும் அனுபவமுள்ளவர் வந்தால் ஒன்று, அவ்வளவுதான். போகவில்லையா, எல்.எம்.ஏ. வகைக் கருவி, அதுவும் மூன்று முயற்சி வரைதான். அது உட்கார்ந்துவிட்டால் நின்று யோசிக்கலாம், நோயாளியை எழுப்பிவிட்டு அறுவையை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைப்பதும் நல்ல முடிவுதான். அதுவும் போகவில்லையா, தசைகள் முழுதாகத் தளர்ந்த நிலையில் மாஸ்க்கில் கடைசி முயற்சி. எதுவுமே போகவில்லை என்றால் கழுத்தின் முன்பக்கம். குரல்வளை முன்துருத்தலிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் ஒரு சின்னப் பள்ளம் தட்டும், அங்கே பத்தாம் எண் கத்தியால் கீறி, பூஜியை உள்ளே விட்டு, அதன் மேல் 6 மில்லிமீட்டர் டியூப். மூன்றே பொருள். இதை உண்மையில் செய்ய வேண்டி வருவது அபூர்வம், பலருக்குத் தொழில் வாழ்க்கை முழுவதும் வராது, ஆனாலும் எல்லாரும் பொம்மையில் பழகி வைத்திருக்க வேண்டும்.

உங்கள் அம்மாவிடம் அந்த மருத்துவர் பார்த்தது என்ன என்று இப்போது புரிந்திருக்கும். வாயைத் திறந்தால் உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது, மூன்று விரல் உள்ளே நுழையும் அளவுக்கு வாய் திறக்கிறதா, தாடைக்கும் குரல்வளைக்கும் நடுவே எவ்வளவு தூரம், கழுத்து பின்னால் சாய்கிறதா. இந்தச் சோதனைகள் உதவும், ஆனால் முழுதாக நம்ப முடியாது. டென்மார்க்கில் ஒரு லட்சத்து 88 ஆயிரம் பேரின் பதிவுகளை வைத்து 2015இல் வெளியான ஆய்வில், டியூப் போடச் சிரமப்பட்டவர்களில் 93 சதவீதம் பேருக்கு அந்தச் சிரமம் முன்கூட்டியே கணிக்கப்படவில்லை. அதாவது சிரமம் என்று சொல்லப்பட்டவர்களுக்கு மட்டுமல்ல, ஒன்றும் இருக்காது என்று சொல்லப்பட்டவர்களுக்கும் அதே கருவிகள் அறையில் இருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது சில விஷயம்தான். ஆடும் பல், கட்டிய பல், பொய்ப்பல் எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், தூக்கத்தில் பலத்த குறட்டை இருந்தாலும் சொல்லுங்கள். முன்பு எப்போதாவது மயக்கம் கொடுத்தபோது பிரச்சினை என்று யாராவது சொல்லியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வெறும் வயிறாக இருக்கச் சொன்ன நேரத்தைக் கறாராகப் பின்பற்றுங்கள். பொதுவாகத் திட உணவுக்கு ஆறு மணி நேரம், தண்ணீருக்கு இரண்டு, உங்கள் மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொன்னதுதான்.

அறுவை முடிந்து அம்மா வார்டுக்கு வந்த பிறகு, அந்த மயக்க மருத்துவரைப் பார்த்து ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: மாஸ்க்கில் காற்று சுலபமாகப் போனதா, எந்தக் கருவியில், எந்த பிளேடில் என்ன கிரேடு தெரிந்தது, எத்தனையாவது முயற்சியில் எந்த அளவு டியூப் போனது. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், நான் என்றால் கேட்காமலே எழுதிக் கொடுப்பேன். அதை ஒரு போட்டோ எடுத்து உங்கள் போனிலும் அம்மாவின் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஏதோ ஊரில், நடு இரவில், அம்மாவின் தலைமாட்டில் நிற்கப்போகும் மருத்துவருக்கு அந்த நான்கு வரி எந்தப் பரிசோதனையை விடவும் அதிகம் சொல்லும்.